படகு இழுக்கவும் முகாமுக்கும் ஒரு பழைய பெரிய எஸ்யுவி: இரண்டு வண்டிகளின் ஆய்வு

பின்னணி

சிங்கப்பூர் தெம்பனிஸில் ஒரு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் ஐந்து பேர் கொண்ட குடும்பம்: கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், மனைவியின் தம்பி. மைத்துனர்கள் இருவரும் சேர்ந்து வாங்கிய ஃபைபர் மீன்பிடிப் படகு ஒன்று, டிரெய்லரோடு வாடகைப் படகுக் கொட்டகையில் நிற்கிறது. பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு மலேசியாவின் மெர்சிங் பக்கம் முகாம் போவதும் வழக்கம். அவர்களிடம் இருந்தது முன்சக்கர இயக்கமுள்ள ஏழு இருக்கை எம்பிவி. படகை இறக்கும் சாய்தளத்தில் பாசி படிந்திருக்கும். மேலே இழுக்கும்போது வண்டியின் எடை பின்பக்கம் சாயும், முன்சக்கரம் பிடிப்பை இழந்து வழுக்கும். இரண்டு முறை அப்படி நின்று, பக்கத்தில் இருந்தவர்கள் தள்ளிவிட வேண்டியதாயிற்று. அந்த எம்பிவியின் கையேட்டில் இழுவைத் திறன் என்று ஒரு எண்ணே இல்லை. அதாவது, தயாரிப்பாளர் அதை இழுப்பதற்காகச் செய்யவில்லை.

2025 ஆகஸ்டில் தேடத் தொடங்கினார்கள். தேவை தெளிவாக இருந்தது: ஏணிச் சட்ட சேசிஸ் (ஏணி வடிவ இரும்புச் சட்டத்தின் மேல் உடல் பொருத்திய அமைப்பு), நான்கு சக்கர இயக்கம், லோ ரேஞ்ச் (மெதுவேகத்தில் கூடுதல் இழுவிசை தரும் கியர் நிலை), ஏழு இருக்கை, ஒரு லட்சம் வெள்ளிக்குள். இந்த வரம்புக்குள் சிங்கப்பூரில் கிடைப்பவை பெரும்பாலும் பத்து ஆண்டைத் தாண்டி, சிஓஇ (வண்டி வைத்திருக்க அரசு தரும் காலவரம்புள்ள உரிமைச் சான்று) புதுப்பித்த வண்டிகள். கடைசியில் தேறியவை இரண்டு. இரண்டும் ஒரே வகை: ஜப்பானியத் தயாரிப்பு, 2,694 சிசி பெட்ரோல் எஞ்சின், ஆட்டோ கியர். இங்கே முதல் வண்டி, இரண்டாம் வண்டி என்றே குறிக்கிறோம்.

இந்த ஊரில் பழைய வண்டி வாங்குபவர் கொடுக்கும் பணத்தில் பெரும்பகுதி சிஓஇயில் மிச்சமிருக்கும் மாதங்களுக்குப் போகிறது. அதனால் கண்ணும் காகிதத்திலேயே நிற்கிறது. எத்தனை மாதம் பாக்கி, ஆண்டுத் தேய்மானம் எவ்வளவு என்பதோடு பேச்சு முடிந்துவிடும். அலுவலகம் போய்வரும் வண்டிக்கு அது ஓரளவு போதும். ஒரு டன் எடையைப் பின்னால் கட்டி இழுக்கும் வண்டிக்கு அது போதாது. இந்த நிகழ்வில் காகிதம் ஒரு வண்டியைக் காட்டியது, இரும்பு இன்னொன்றைக் காட்டியது.

எடைக் கணக்கு

வண்டி பார்க்கப் போகும் முன்பே செய்திருக்க வேண்டிய கணக்கு இது. முதலில் தவறாகத்தான் செய்தார்கள். படகு விற்றவர் சொன்ன 480 கிலோவையே இழுவை எடையாக எடுத்துக்கொண்டார்கள். அது வெறும் படகுக் கூட்டின் எடை. அதோடு 60 குதிரைத்திறன் நான்கு-ஸ்ட்ரோக் வெளிப்புற மோட்டார் 115 கிலோ, 60 லிட்டர் பெட்ரோல் 45 கிலோ, பேட்டரி, நங்கூரம், ஐஸ் பெட்டி, தூண்டில் சாமான் எல்லாம் 100 கிலோ, டிரெய்லர் 300 கிலோவுக்கு மேல். எடைமேடையில் ஏற்றியபோது மொத்தம் 1,060 கிலோ என்றது. நினைத்ததைப்போல இரண்டு மடங்குக்கும் மேல்.

இந்த வகை வண்டியின் கையேட்டில், பிரேக் இல்லாத டிரெய்லருக்கு 750 கிலோ, பிரேக் உள்ளதற்கு 2,500 கிலோ என்று எல்லை போட்டிருக்கிறது. எனவே டிரெய்லரின் பிரேக் வேலை செய்தே ஆகவேண்டும். அதில் ஓவர்ரன் பிரேக் இருந்தது. வண்டி வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னால் தள்ளும் விசையே கேபிளை இழுத்து பிரேக் பிடிக்கும் அமைப்பு. ஆனால் கேபிள் உப்புத் துருவில் இறுகி அசையாமல் கிடந்தது. எம்பிவி இழுத்த நாட்களில் பிரேக்கே இல்லாமல்தான் அந்த ஒரு டன் ஓடியிருக்கிறது.

அடுத்தது கொக்கிப் பந்தின் மேல் அழுத்தும் எடை. மொத்த டிரெய்லர் எடையில் ஏறத்தாழ 7 முதல் 10 விழுக்காடு முன்பக்கம் கொக்கியில் இறங்க வேண்டும். குறைந்தால் விரைவுச்சாலையில் டிரெய்லர் வால் ஆட்டும். குளியலறைத் தராசை, கொக்கி நிற்கும் உயரத்தில் மரக்கட்டை வைத்து அளந்ததில் 42 கிலோதான் வந்தது, அதாவது 4 விழுக்காடு. டிரெய்லரில் படகை இழுத்துக் கட்டும் வின்ச் கம்பத்தை முன்னால் நகர்த்தி, படகையும் அதோடு முன்னிழுத்துக் கட்டி, ஐஸ் பெட்டியையும் பெட்ரோல் தொட்டியையும் முன்பக்கம் வைத்ததும் 85 கிலோ வந்தது.

அந்த 85 கிலோவும் வண்டியின் சுமைக் கணக்கில்தான் சேரும். வெற்று எடை 2,100, அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2,850. மிச்சம் 750 கிலோ. ஐந்து பேர் 275, இழுவைக் கொக்கிச் சட்டம் 28, பந்தின் அழுத்தம் 85, குளிர்ப்பெட்டி 35, முகாம் சாமான் 120, தண்ணீர் 40, கூரைக் கம்பிகள் 30. கூட்டினால் 613. இன்னும் 137 கிலோ இடம் இருக்கிறது. மனைவியின் தம்பி கேட்ட கூரைக் கூடாரம் 65 கிலோ என்பதால் எடையில் சிக்கல் இல்லை. உயரத்தில்தான் சிக்கல். வண்டி 1.89 மீட்டர், கம்பி 8 செமீ, மடித்த கூடாரம் 28 செமீ, ஆக 2.25 மீட்டர். அவர்கள் புளோக்கின் பலமாடி வாகன நிறுத்த வாசலில் 2.1 மீட்டர் பலகை தொங்குகிறது. தரைக் கூடாரம் என்று அன்றே முடிவானது.

முதல் வண்டி: காகிதம்

ஊபி பக்கத்தில் ஒரு டீலரிடம் இருந்தது. 2012 மே பதிவு, 2022 மே மாதம் பத்தாண்டுக்குப் புதுப்பித்த சிஓஇ, 81 மாதம் பாக்கி. கேட்ட விலை 96,800 வெள்ளி. புதுப்பித்தபோது கட்டிய தொகை ஏறத்தாழ 90,000. பதிவை இன்றே ரத்து செய்தால், மிச்ச மாதங்களுக்கு ஏற்ற விகிதத்தில் சுமார் 60,750 வெள்ளி திரும்பக் கிடைக்கும். பத்தாண்டு தாண்டிப் புதுப்பித்த வண்டிக்குப் பார்ஃப் சலுகை (பதிவை ரத்து செய்யும்போது கிடைக்கும் வரித் தள்ளுபடி) கிடையாது, இது மட்டும்தான். அப்படிப் பார்த்தால் இரும்புக்குக் கொடுப்பது 36,050.

சாலை வரியையும் கணக்கிட்டார்கள். 2,694 சிசிக்கு அடிப்படை ஆண்டு வரி சுமார் 2,026 வெள்ளி. பத்தாண்டு தாண்டிய வண்டிக்கு ஆண்டுக்குப் பத்து விழுக்காடாகக் கூடி, 14 ஆண்டு தாண்டினால் 50 விழுக்காட்டில் நிற்கும் கூடுதல் வரி உண்டு. இந்த வண்டிக்கு இப்போது 40 விழுக்காடு, ஆக 2,836 வெள்ளி.

மூன்று வாரத்துக்கு முன்புதான் ஆண்டுப் பரிசோதனையில் தேறியிருந்தது. டீலர் அந்தச் சான்றிதழையே முதலில் நீட்டினார். பத்தாண்டு தாண்டிய வண்டி ஆண்டுதோறும் போகவேண்டிய பரிசோதனை அது. பிரேக், விளக்கு, புகை, சக்கர நேர்மை, அடிப்பாகத்தில் கண்ணுக்குத் தெரிபவை ஆகியவற்றைப் பார்க்கும். டிஃபரன்ஷியல் (எஞ்சின் விசையை இட, வலச் சக்கரங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி) எண்ணெயைத் திறந்து பார்க்காது, சேசிஸ் குழாய்க்குள் எட்டிப் பார்க்காது. சாலையில் ஓடத் தகுதி உண்டு என்பதற்கு அது சான்று, இழுக்கத் தகுதி உண்டு என்பதற்கு அல்ல. இந்த வேறுபாட்டைப் பலரும் கவனிப்பதில்லை.

“இன்னும் ரெண்டு பேர் கேட்டிருக்காங்க, இன்னைக்கே டெபாசிட் போட்டால் நல்லது” என்றார் டீலர். 500 வெள்ளி கொடுத்தார்கள். ஆனால் ஒப்பந்தத் தாளில், ‘வாங்குபவர் தேர்ந்தெடுக்கும் பட்டறையில் ஆய்வு செய்து திருப்தி இல்லையெனில் முழுத் தொகையும் திருப்பித் தரப்படும்’ என்று கையால் எழுதி இரு தரப்பும் கையெழுத்திட்ட பிறகுதான். இந்த ஒற்றை வரியை எழுத மறுக்கும் இடத்தில் டெபாசிட் போடாமல் திரும்புவதே நல்லது.

முதல் வண்டி: இரும்பு

காக்கி புக்கிட்டில், குடும்பத்துக்கு நெடுநாள் பழக்கமான தமிழ் மெக்கானிக் ஒருவரின் பட்டறையில் லிஃப்ட்டில் ஏற்றினார்கள். குளிர்ந்த எஞ்சினைத் தொடங்கிப் பார்க்கவேண்டும் என்பதால் காலை எட்டு மணிக்கு நேரம் கேட்டு, அதுவரை ஓட்டவேண்டாம் என்று டீலரிடம் சொல்லியிருந்தார்கள். எடுக்கப் போனபோது பானெட் ஏற்கெனவே சூடாக இருந்தது. அதுவே ஒரு குறிப்புதான். வண்டியின் கணினியைப் படிக்கும் ஓபிடி கருவியைச் செருகியபோது, பிழைக் குறியீடு ஒன்றும் இல்லை என்று காட்டியது. ஆனால் மூன்று சுயசோதனைகள் ‘முடியவில்லை’ என்ற நிலையில் இருந்தன. குறியீடுகளை அழித்த பின் ஓடிய தூரம் 14 கிமீ. யாரோ முந்தைய நாள் அழித்திருக்கிறார்கள். பிழை இல்லாத வண்டியும் பிழை அழிக்கப்பட்ட வண்டியும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். இந்த இரண்டு எண்களைப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும்.

அடிப்பாகம் முழுக்கக் கறுப்புப் பூச்சு. போல்ட் தலை, ரப்பர் புஷ், பிரேக் ஹோஸ் என எல்லாவற்றின் மேலும் ஒரே சீராக அடித்திருந்தது. தொழிற்சாலை அப்படி அடிக்காது.

“அண்ணே, கீழே வந்து பாருங்க. பூச்சு எவ்வளவு புதுசோ அவ்வளவு சந்தேகப்படணும்” என்றார் மெக்கானிக். பின்பக்க சேசிஸ் தண்டில் இரு பக்கமும் நான்கு துளைகள், ஓரம் தேய்ந்து பளபளத்தன. இழுவைக் கொக்கி இருந்து கழற்றப்பட்டிருக்கிறது. இடது பின்விளக்கின் பின்னால் வெட்டிவிட்ட வயர்க் கட்டு, உள்ளே செம்பு பச்சையாகப் பூத்திருந்தது. பச்சைப் பூப்பு உப்புநீரின் வேலை. டீலருக்குத் தெரியுமோ தெரியாதோ, இந்த வண்டி ஏற்கெனவே படகு இழுத்த வண்டி.

அதன் பிறகு எங்கே பார்ப்பது என்பது தெளிவாகிவிட்டது. ஸ்டெப்னி சக்கரத்தை இறக்கினார்கள். அதன் மேலே ஒளிந்திருக்கும் குறுக்குச் சட்டத்தில்தான் ஈரமும் மணலும் தங்கும், கழுவும்போது தண்ணீர் போகாத இடம். சிறு சுத்தியலால் தண்டு நெடுகத் தட்டிக்கொண்டே வந்தார் மெக்கானிக். நல்ல இரும்பு கணீர் என்கும். குறுக்குச் சட்டத்தின் மேல்தளத்தில் மட்டும் அட்டையைத் தட்டியது போல் மந்தமாகக் கேட்டது. திருப்புளியின் முனை பூச்சைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனது. மூன்று செமீ அளவு ஓட்டை. வலது தண்டின் துளை வழியாகக் கேமராக் குழாயை விட்டபோது, உள்ளே அறுபது செமீ தூரத்துக்குத் துரு அடுக்கடுக்காக உரிந்து கிடந்தது.

பின் டிஃபரன்ஷியல் எண்ணெயை எடுக்கும்போது ஒரு விதி உண்டு: ஊற்றும் மூடியை முதலில் திறக்கவேண்டும். வடிக்கும் மூடியைத் திறந்துவிட்டு, ஊற்றும் மூடி இறுகித் திறக்காமல் போனால், எண்ணெய் இல்லாத வண்டிதான் கையில் இருக்கும். சிரிஞ்சில் உறிஞ்சிய எண்ணெய் பால் கலந்த காப்பி நிறத்தில் வந்தது, அதாவது தண்ணீர் கலந்திருக்கிறது. சாலையில் ஓடிச் சூடான டிஃபரன்ஷியலைச் சாய்தளத்தில் சட்டெனக் கடல்நீரில் இறக்கினால், உள்ளே இருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். அந்த உறிஞ்சல் மூச்சுக்குழாய் வழியாகவோ சீல் ஓரமாகவோ தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒவ்வொரு முறையும் சில சொட்டுதான். ஐந்து ஆண்டு சொட்டினால் பேரிங் பரப்பு அரிக்கப்படும்.

ஏன் விட்டார்கள்

டீலர் 4,000 வெள்ளி குறைத்து, டிஃபரன்ஷியல் எண்ணெயையும் மாற்றித் தருவதாகச் சொன்னார். கணவருக்கு ஆசை விடவில்லை. எதுவானாலும் 60,000 வெள்ளி காகிதத்தில் பத்திரமாக இருக்கிறதே என்பது அவர் வாதம். அதில் நியாயமும் இருந்தது, ஏனெனில் இரண்டாம் வண்டியின் கணக்கு இதைவிட மோசம்.

மறுத்ததற்குக் காரணங்கள் மூன்று. எண்ணெய் மாற்றினால் தண்ணீர் போகும், அரித்த பேரிங் அப்படியே இருக்கும். இரண்டாவது, எங்கே துரு தின்றதோ அங்கேதான் புதுக் கொக்கியை முறுக்கவேண்டும். ஒட்டுப் போட்டு வெல்டு செய்தாலும், பக்கத்தில் மெலிந்த இரும்பு எவ்வளவு தாங்கும் என்று யாராலும் அளந்து சொல்லமுடியாது. விரைவுச்சாலையில் ஒரு டன் டிரெய்லர் சட்டத்தோடு பிய்த்துக்கொண்டால், பின்னால் வருபவர் மோட்டார்சைக்கிளில் இருக்கலாம். மூன்றாவது சட்டம் சார்ந்தது. 2012 செப்டம்பர் 1 முதல் நடப்பில் உள்ள, குறையுள்ள பொருளை வாங்கியவரைக் காக்கும் லெமன் சட்டம் பழைய வண்டிக்கும் பொருந்தும். வாங்கி ஆறு மாதத்துக்குள் தெரியும் குறை, ஒப்படைத்தபோதே இருந்ததாகக் கருதப்படும். ஆனால் குறை இருப்பது தெரிந்தே வாங்கினால் அந்தப் பாதுகாப்பு அந்தக் குறைக்குக் கிடையாது. விலை குறைத்து வாங்கினால் துருவும் அவர்களுடையதாகிவிடும்.

கையால் எழுதிய வரி இருந்ததால் எட்டாம் நாள் 500 வெள்ளியும் திரும்ப வந்தது.

இரண்டாம் வண்டி

செப்டம்பரில், நேரடி உரிமையாளரிடம். 2010 அக்டோபர் பதிவு, 2020 அக்டோபரில் புதுப்பித்தது, 61 மாதம் பாக்கி. கேட்டது 72,000. சிஓஇ மலிவாக இருந்த காலத்தில் ஏறத்தாழ 37,000 கட்டிப் புதுப்பித்ததால், இன்று ரத்து செய்தால் 18,800 வெள்ளிதான் திரும்பும். காகிதப்படி முதல் வண்டியைவிட மோசமான பேரம். வயது காரணமாகச் சாலை வரியும் 50 விழுக்காடு கூடுதலோடு 3,039. தனியாரிடம் வாங்குவதால் லெமன் சட்டமும் உதவாது. இதனால் ஆய்வு இன்னும் கடுமையாக இருக்கவேண்டியிருந்தது.

இந்த முறை எஞ்சின் குளிர்ந்திருந்தது. சுயசோதனை எல்லாம் முடிந்த நிலை. குறியீடு அழித்த தூரம் 9,000 கிமீக்கு மேல். சேசிஸில் பழைய தூசியும் மேலோட்டமான துருவும்தான், சுத்தியல் ஓசை எங்கும் கணீர். கொக்கித் துளைகளில் தொழிற்சாலை பிளாஸ்டிக் மூடி அப்படியே இருந்தது. டிஃபரன்ஷியல் எண்ணெய் கறுப்பு, ஆனால் தண்ணீர் இல்லை. பெயின்ட் அளவுமானி எல்லாப் பலகையிலும் 100 முதல் 140 மைக்ரான் காட்டியது. இடது பின்கதவில் மட்டும் 310, சிறு உரசலுக்குச் செய்த வேலை.

குறைகளும் இருந்தன. 148,000 கிமீயில் கியர்பாக்ஸ் எண்ணெய் மாற்றியதே இல்லை, பழுப்பு நிறம், கருகல் வாடை மட்டும் இல்லை. பின் ஸ்பிரிங் தொய்ந்து, சக்கர மையத்திலிருந்து வளைவு வரை வலம் இடம் 12 மிமீ வித்தியாசம். டயர் ஓரத்தில் 2618 என்று இருந்தது, 2018ஆம் ஆண்டின் 26ஆம் வாரம். தடம் போதுமான அளவு இருந்தும் ஏழு ஆண்டுப் பழைய ரப்பர். லோ ரேஞ்சுக்கு மாற்றியபோது சென்டர் டிஃப் லாக் (முன், பின் அச்சுகளை ஒன்றாகப் பூட்டும் அமைப்பு) விளக்கு மினுக்கிக்கொண்டே இருந்தது, நிலைக்கவில்லை. பதினான்கு ஆண்டாக ஒருவரும் அதைத் தொட்டதில்லை, அதை நகர்த்தும் மோட்டார் இறுகியிருந்தது. சிங்கப்பூர் எஸ்யுவிகளில் மிகச் சாதாரணமான குறை இது. சாய்தளத்துக்கு வேண்டியதே லோ ரேஞ்ச் என்பதால் இதைச் சோதிக்காமல் வாங்கக்கூடாது. சோதிக்கும்போது நேர்க்கோட்டில் மெதுவாக ஓட்டவேண்டும். லாக் போட்டபடி காய்ந்த தாரில் வளைத்தால் அச்சுகள் முறுகும்.

இவை எல்லாம் கழற்றி மாற்றக்கூடியவை, விலை தெரிந்தவை. முதல் வண்டியின் குறை அப்படிப்பட்டதல்ல. முடிவு அந்த வேறுபாட்டில்தான் எடுக்கப்பட்டது. பட்டறையின் மதிப்பீட்டுத் தாளைக் காட்டி 67,500க்கு முடித்தார்கள். விற்பவருக்கு வண்டிக் கடன் பாக்கி இருந்தது. நிதி நிறுவனத்துக்குச் சேரவேண்டியதை அதன் பெயரிலேயே காசாளர் காசோலையாகவும் மிச்சத்தை மட்டும் அவருக்கும் கொடுத்து, கடன் விடுவிப்பு உறுதியான பிறகு அரசின் ஒன்மோட்டரிங் தளத்தில் சிங்பாஸ் மின்அடையாளம் வழியாகப் பெயர் மாற்றினார்கள்.

செய்த வேலைகள்

விலையில் பத்து விழுக்காட்டை, 6,750 வெள்ளியை, ஒதுக்கியிருந்தார்கள்.

கியர்பாக்ஸ் எண்ணெயை இயந்திரம் வைத்து ஒரேயடியாக வெளியேற்றாமல், வடித்து ஊற்றும் முறையில் 500 கிமீ இடைவெளியில் மூன்று தடவை மாற்றினார்கள், தடவைக்கு மூன்று லிட்டர் அளவு. மிகப் பழைய எண்ணெயில் ஒரே நாளில் முழுமாற்றம் செய்து, அடியில் கிடந்த கசடைக் கிளப்பிவிடும் அபாயத்தைத் தவிர்க்கவே இப்படி. அடித்தட்டின் காந்தத்தில் சாம்பல் நிறக் குழம்புதான் ஒட்டியிருந்தது, துண்டு உலோகம் இல்லை. ரேடியேட்டரைக் கசிவு இல்லாமலேயே மாற்றினார்கள். இந்த வகையில் கியர்பாக்ஸ் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டரின் தொட்டிக்குள் ஓடுகிறது. அது உள்ளே உடைந்தால் குளிர்நீரும் எண்ணெயும் கலந்து கியர்பாக்ஸே போய்விடும். 520 வெள்ளிக்கு வாங்கிய நிம்மதி அது.

பின் ஸ்பிரிங்கும் புஷ்களும் அசல் உயரத்திலேயே புதிதாக, 1,650. டயர் நான்கும் 265/65 ஆர்17, சுமைக் குறியீடு 112, அதாவது ஒரு டயருக்கு 1,120 கிலோ. டிஃப் லாக் மோட்டாரைப் பிரித்துச் சுத்தம் செய்து கிரீஸ் வைத்ததற்கு 900. இழுவைக் கொக்கி விஷயத்தில் நிலப் போக்குவரத்து ஆணையத்திடமும் காப்புறுதி நிறுவனத்திடமும் எழுத்தில் கேட்டு, பதில் வந்த பிறகே பட்டறையில் விட்டார்கள். 10.9 தர போல்ட்டுகள், முறுக்குவிசைக் கருவியால் இறுக்கி, முதல் 100 கிமீ இழுத்தபின் மறுபடி சரிபார்த்தார்கள். 50 மிமீ பந்து தாங்கும் நாக்கு பின் போட்டுக் கழற்றக்கூடியது. நிறுத்தக் கட்டம் 4.8 மீட்டர் நீளம், வண்டி 4.76. நாக்கு நிரந்தரமாக நீட்டிக்கொண்டிருந்தால் நடந்து போகிறவரின் முழங்காலில்தான் படும். விளக்கு இணைப்பைப் பின்விளக்கு வயரில் ஒட்டாமல், தனி ரிலே வழியாக பேட்டரியிலிருந்தே எடுத்தார்கள்.

முதல் வண்டி கற்றுக்கொடுத்ததால் செய்தது ஒன்று: பின் டிஃபரன்ஷியலின் மூச்சுக்குழாயை நீட்டி, பின்விளக்கு உயரத்துக்கு மேலே ஏற்றினார்கள். சில வெள்ளிக்கு ரப்பர் குழாயும் ஒரு மணி நேர வேலையும்தான். டிரெய்லரின் பிரேக் கேபிளையும் சக்கர பேரிங்குகளையும் அப்போதே மாற்றினார்கள்.

நடந்தது

அக்டோபர் முதல் சாய்தளத்தில் வண்டி தடுமாறவில்லை. லோ ரேஞ்ச் முதல் கியர், சக்கரத்துக்குக் கட்டை, கொட்டகையிலிருந்து வந்ததும் இருபது நிமிடம் ஆறவிட்டு அதன் பிறகே நீரில் இறக்குவது, திரும்பியதும் நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தையும் சேசிஸ் துளைகளையும் கால்மணி நேரம் அலசுவது. இதையே வழக்கமாக்கிக்கொண்டார்கள்.

டிசம்பர் மெர்சிங் பயணத்தில்தான் ஆய்வு தவறவிட்டது வெளிப்பட்டது. டிரெய்லர் இல்லை, வெறும் முகாம் சாமான். சிங்கப்பூரிலிருந்து புறப்படும்போது தொட்டியில் குறைந்தது முக்கால் பங்கு எரிபொருள் இருந்தது. மலேசியாவுக்குள் நுழையும் வெளிநாட்டு வண்டிக்கான அனுமதியான விஇபி வில்லையும் ஒட்டியிருந்தது. 2025 ஜூலை 1 முதல் அது இல்லாத சிங்கப்பூர் வண்டிக்கு 300 ரிங்கிட் அபராதம். உட்லண்ட்ஸ் கடற்பாலத்தில் இரண்டரை மணி நேர நெரிசல். ஏசி முழு வேகத்தில், ஐந்து பேர், நண்பகல். மனைவியின் தம்பி ஓபிடி கருவியைக் கைப்பேசியில் இணைத்து வைத்திருந்தார்.

“அத்தான், முள் நடுவிலதான் நிக்குது, ஆனா இதுல 107 டிகிரி காட்டுது.”

ஏசியை நிறுத்தி, ஹீட்டரை முழுதாகத் திறந்து, பிள்ளைகளுக்குச் சன்னலை இறக்கி, ஜோகூர் பக்கம் வந்து சேர்ந்தார்கள். பல வண்டிகளில் வெப்ப முள் இப்படித்தான்: ஒரு பரப்புக்குள் எஞ்சின் எவ்வளவு ஏறி இறங்கினாலும் நடுவிலேயே நிற்கும்படி அமைத்திருப்பார்கள். அது நகரும்போது நேரம் கடந்திருக்கும்.

காரணம், விசிறியின் பிசுபிசுப்புக் கிளட்ச். உள்ளே இருக்கும் சிலிக்கோன் திரவம் கசிந்தால், சூட்டில் விசிறி எஞ்சினோடு இறுகிச் சுழலாது. ஓடும்போது எதிர்க்காற்று குளிர்விக்கும், நின்று உறுமும்போதுதான் குறை தெரியும். சூடான எஞ்சினை நிறுத்தி விசிறியைக் கையால் தள்ளினால் கனமாகத் தடுக்கவேண்டும். இது இரண்டு சுற்றுக்கு மேல் சும்மா ஓடியது. திரும்பி வந்ததும் 380 வெள்ளியில் மாற்றினார்கள். அதோடு மொத்தச் செலவு 7,350 ஆனது, ஒதுக்கியதைவிட 600 அதிகம்.

மெர்சிங்கில் இன்னொன்றும் நடந்தது. 12 வோல்ட் குளிர்ப்பெட்டியை இரவு முழுக்க வண்டி பேட்டரியில் ஓடவிட்டார்கள். சராசரி மூன்று ஆம்பியர், பன்னிரண்டு மணி நேரத்தில் 36 ஆம்பியர்-மணி. 70 ஆம்பியர்-மணி ஸ்டார்ட்டர் பேட்டரியில் பாதி. பழைய பேட்டரி அதற்கே படுத்துவிட்டது. பக்கத்துக் கூடாரத்தாரிடம் ஜம்பர் கேபிள் வாங்கித் தொடங்கினார்கள்.

மாற்றிச் செய்யவேண்டியவை

சோதனை ஓட்டம் பதினைந்து நிமிடம், அதுவும் காலைக் குளிர்ச்சியில். அதுவே பெரிய ஓட்டை. நண்பகலில், தீவு விரைவுச்சாலையில் துவாஸ் வரை போய்வந்து, பிறகு நின்ற இடத்திலேயே ஏசி முழு வேகத்தில் அரை மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டு, முள்ளைப் பார்க்காமல் ஓபிடி வெப்ப எண்ணைப் பார்த்திருக்கவேண்டும். கூடவே விசிறியைக் கையால் தள்ளிப் பார்ப்பது அரை நிமிட வேலை. இழுக்கும் வண்டிக்கு இது விருப்பத்தேர்வு அல்ல, கட்டாயம்.

எடைமேடைக்குப் போவது வண்டி தேடும் முன்பே நடந்திருக்கவேண்டும். டிரெய்லர் பிரேக்கின் நிலை தெரிந்திருந்தால் எம்பிவியில் இழுப்பதை அன்றே நிறுத்தியிருப்பார்கள். குளிர்ப்பெட்டிக்குத் தனி லித்தியம் பேட்டரிப் பெட்டி இப்போது வாங்கியாயிற்று.

2026 பிப்ரவரியில், பதினொரு முறை படகு இறக்கிய பிறகு, பின் டிஃபரன்ஷியலிலிருந்து மறுபடி சிரிஞ்சில் எண்ணெய் எடுத்துப் பார்த்தார்கள். தேன் நிறம், தண்ணீர் இல்லை.